செய்முறை வகுப்பிலிருந்து தொடங்குங்கள்: கல்லூரிக் கற்பித்தல் திட்டங்களுக்கு நல்கை கோரி விண்ணப்பிப்பது எப்படி

கல்லூரி ஆசிரியர்கள் ஆராய்ச்சி நல்கைக்கு விண்ணப்பம் எழுதப் பழகியவர்கள். கற்பித்தலை மேம்படுத்துவதற்கான நல்கைக்கு எழுதும்போதும் அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஆராய்ச்சித் திட்டத்தில் மதிப்பீட்டாளர் தேடுவது புதிய கேள்வியை. கற்பித்தல் திட்டத்தில் அவர் தேடுவது, இப்போது வகுப்பில் நடக்காத எது இந்தப் பணத்தால் நடக்கப்போகிறது என்பதை. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல், துறையின் வரலாறு, ஆசிரியர்களின் கட்டுரை எண்ணிக்கை, வாங்க விரும்பும் கருவிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் அடுக்கிவைத்த விண்ணப்பம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தேறுவது கடினம்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் இளங்கலை அறிவியல் துறைகளை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய ஸ்டார் காலேஜ் திட்டம் இவ்வகை நல்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இளங்கலை மாணவர்கள் தாங்களே சோதனை செய்து கற்கவேண்டும், அதற்கு ஆய்வகம், ஆசிரியர் பயிற்சி, செய்முறைப் பாடம் ஆகியவை வலுப்பெறவேண்டும் என்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பல இதில் நல்கை பெற்றிருக்கின்றன. பொறியியல் கல்லூரிகளில் பழைய ஆய்வகங்களைப் புதுப்பிக்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்திவந்த மாட்ராப்ஸ் திட்டமும் இதே இனத்தைச் சேர்ந்தது. எந்தத் திட்டமாக இருந்தாலும் தொகை வரம்பு, தகுதி, கடைசி நாள் ஆகியவை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும் என்பதால், சென்ற முறை பக்கத்துக் கல்லூரி அனுப்பிய விண்ணப்பத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாமல் இந்த ஆண்டு அறிவிப்பையே அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகக் கோடிட்டுப் படிக்கவேண்டும்.

முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது

திட்டத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்ப்பது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இன் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின்கீழ் கல்லூரி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பது பல மத்திய நல்கைகளுக்கு அடிப்படைத் தகுதி. 2(எஃப்) கல்லூரியை அங்கீகரிக்கும் பிரிவு, 12(பி) மத்திய நிதியுதவி பெறத் தகுதி தரும் பிரிவு; முன்னது மட்டும் இருந்து பின்னது இல்லாத கல்லூரிகள் உண்டு. அவற்றில் பணிபுரியும் ஆசிரியர்கள் சிலர் இந்த வேறுபாட்டை விண்ணப்பப் படிவத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவின் தரச்சான்று நடப்பில் உள்ளதா, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கம் தன்னார்வ அமைப்புகளைப் பதிவுசெய்யும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவாகியிருக்கிறதா, நல்கைக்குரிய வங்கிக் கணக்கு பி.எஃப்.எம்.எஸ். என்னும் பொது நிதி மேலாண்மை முறையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வளாகத்தில் காலை ஷிப்டில் அரசு உதவி பெறும் பிரிவும் மாலை ஷிப்டில் சுயநிதிப் பிரிவும் ஒரே ஆய்வகத்தைப் பயன்படுத்தும் கல்லூரிகள் ஏராளம். அறிவிப்பு எந்தப் பிரிவை ஏற்கிறது, மாணவர் எண்ணிக்கையில் யாரைச் சேர்க்கலாம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் இரு ஷிப்ட் மாணவர்களையும் கூட்டி ஓர் எண்ணை எழுதினால், அதே விண்ணப்பத்தின் வேறொரு பக்கத்தில் ஒரு ஷிப்ட் ஆசிரியர்களின் பெயர்கள் மட்டும் இருக்கும். மதிப்பீட்டாளருக்கு ஐயம் வருவதற்கு அது போதும்.

தேவையை எழுதுவது

விண்ணப்பத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எனவே அதிக நேரத்தையும் இதற்கே ஒதுக்கவேண்டும். “எமது கல்லூரி கிராமப்புற, முதல் தலைமுறை மாணவர்களுக்குக் கல்வி வழங்கும் நிறுவனம், நவீன கருவிகள் இல்லாமையால் மாணவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள்” என்று எழுதுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே சொற்களை மதிப்பீட்டாளர் அன்று காலையிலிருந்து பலமுறை படித்திருப்பார். அதற்குப் பதிலாக, உங்கள் துறையின் செய்முறைக் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்முறைத் தாளிலும் பாடத்திட்டம் கோரும் சோதனைகள் எத்தனை, அவற்றில் மாணவர் தம் கையால் செய்பவை எவை, ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் சுற்றி நின்று பார்ப்பவை எவை, படம் மட்டும் வரைந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்குபவை எவை என்று மூன்றாகப் பிரித்து ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு துறைக்கு இது ஒரு மாலை வேலை. எத்தகைய வர்ணனையும் சொல்லாததை இந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு விலங்கியல் துறையில் இரண்டாம் ஆண்டில் 48 மாணவர்கள், 24 பேர் கொண்ட இரண்டு குழுக்களாகச் செய்முறை வகுப்புக்கு வருகிறார்கள், நல்ல நிலையில் இருப்பவை 4 நுண்ணோக்கிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நுண்ணோக்கிக்கு 6 பேர். இரண்டு மணி நேர வகுப்பில் விளக்கத்துக்கும் பதிவேட்டுக்கும் போக ஒரு மணி நேரம் எஞ்சினால், ஒருவருக்குக் கிடைப்பது 10 நிமிடம். அதற்குள் அவர் கண்ணாடித் தகட்டைத் தயாரித்து, சாயமேற்றி, குவியப்படுத்தி, பார்த்து, வரையவேண்டும். இப்படி எழுதிய பிறகு, “எனவே மேலும் 8 நுண்ணோக்கிகள் தேவை, அப்போது ஒன்றுக்கு 2 பேர், ஒருவருக்கு அரை மணி நேரம்” என்று முடிக்கும்போது, எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கருவிகளின் எண்ணிக்கைக்கு இவ்வாறு கணக்குக் காட்டாத விண்ணப்பம் மளிகைப் பட்டியல் போலத்தான் தோன்றும்.

தேவையை எழுதும்போது கருவி இல்லாமையை மட்டும் காரணமாகக் காட்டவேண்டாம். கருவி இருந்தும் பயன்படாமல் இருப்பது நம் ஆய்வகங்களில் அடிக்கடி காணும் நிலை. ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருப்பதும், பழுதுபார்க்க ஆள் வராததும், ஆசிரியருக்கே அதை இயக்கிப் பழக்கமில்லாததும் அதற்குக் காரணங்கள். இவற்றை மறைக்காமல் எழுதி, அவற்றுக்கான பயிற்சியையும் பராமரிப்பையும் திட்டத்துக்குள் கொண்டுவந்தால், விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளிலும் நம்பிக்கை பிறக்கும். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வரும் மாணவர்கள் ஆங்கிலச் செய்முறைக் கையேட்டின் கட்டளைகளைப் புரிந்துகொள்ளத் திணறுவதும் இந்த வகையான, செலவு குறைந்த, ஆனால் யாரும் எழுதாத தேவை. இருமொழிக் கையேடு ஒன்றைத் தயாரித்து அச்சிடுவதற்கு ஆகும் செலவு ஒரு நடுத்தரக் கருவியின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் ஒவ்வொரு மாணவர் கையிலும் அது இருக்கும்.

திட்டத்தை ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடக்கிப் பார்ப்பது

முன்மொழியும் ஒவ்வொரு புதிய சோதனையையும் உங்கள் கால அட்டவணையில் உள்ள வகுப்பு நேரத்தில், உங்கள் மாணவர் எண்ணிக்கையுடன் தாளிலாவது நடத்திப் பார்க்கவேண்டும். டி.என்.ஏ.வை வெட்டு நொதி கொண்டு வெட்டி, அகரோஸ் ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் மின்சாரத்தால் ஓட்டி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். உயிரியல் துறைகளின் விண்ணப்பங்களில் அனேகமாக இது இடம்பெறும். 24 மாணவர்கள் மூவர் மூவராகப் பிரிந்தால் 8 குழுக்கள். ஜெல்லில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குழி, அளவு காட்டும் டி.என்.ஏ.வுக்கு ஒன்று, வெட்டப்படாத மாதிரிக்கு ஒன்று என மொத்தம் 10 குழிகள் வேண்டும். விண்ணப்பத்தில் ஜெல்லில் 8 குழிகள் மட்டும் போடும் சீப்புடன் வரும் ஒரே ஒரு சிறிய ஜெல் தொட்டியைக் கேட்டிருந்தால், இந்தச் சோதனையை இவர்கள் வகுப்பில் நடத்தியதில்லை என்பது பாடம் தெரிந்த மதிப்பீட்டாளருக்கு அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

நேரக்கணக்கும் அப்படித்தான். 37 டிகிரி செல்சியஸில் நொதி வேலைசெய்ய ஒரு மணி நேரம், ஜெல் ஓட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், சாயமேற்றிப் பார்க்க மேலும் அரை மணி என்று கூட்டினால், மாதிரி தயாரிக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே இரண்டு மணி நேர வகுப்பு போய்விடுகிறது. எனவே ஒரு வாரம் வெட்டுதல், வெட்டிய மாதிரியை உறைநிலையில் வைத்திருந்து அடுத்த வாரம் ஜெல் ஓட்டுதல் என்று இரண்டாகப் பிரிப்பதாக எழுதலாம். அப்படியானால் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டி பட்டியலில் இருக்கவேண்டும், மின்தடைக்கு என்ன ஏற்பாடு என்பதும் இருக்கவேண்டும். டி.என்.ஏ.வுக்குச் சாயமேற்ற எத்திடியம் புரோமைடு என்னும் ஆபத்தான சாயத்தைப் பயன்படுத்துவதானால் கையுறை, தனிக் கழிவுக் கலன், அப்புறப்படுத்தும் முறை ஆகியவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதைத் தவிர்த்து ஆபத்துக் குறைந்த சாயத்தைத் தேர்ந்தால் அதன் விலையைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு சோதனையையாவது இந்த அளவுக்கு விரித்து எழுதிவிட்டால், மற்றச் சோதனைகளை அட்டவணையாகத் தருவதில் குறையில்லை.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டக் குழுவிலும் கல்விக் குழுவிலும் வைத்துப் புதிய சோதனைகளைச் சேர்க்க முடியும். எந்தப் பருவத்தில் எந்தக் கூட்டத்தில் வைக்கப்படும் என்பதைக் கால அட்டவணையில் குறிப்பிடலாம். பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிக்கு அந்த உரிமை இல்லை. அங்கே “பாடத்திட்டத்தைச் சீரமைப்போம்” என்று எழுதுவது வெறும் வாக்குறுதியாகிவிடும். பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள, ஆனால் செய்துகாட்டலோடு நின்றுபோகும் சோதனைகளை மாணவர் கைக்குக் கொண்டுவருவது, மதிப்புக் கூட்டுப் படிப்பாகச் சிலவற்றை வழங்குவது, விடுமுறையில் சிறு ஆய்வுப்பணி தருவது என்று உங்கள் அதிகார எல்லைக்குள் நின்று எழுதுங்கள். பல துறைகள் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது, வேதியியல் துறையின் நிறமாலைமானியை உயிர்வேதியியல் மாணவர்கள் எந்த நாளில் பயன்படுத்துவார்கள் என்பது வரை எழுதப்பட்டிருந்தால், துறைகளுக்கிடையே உண்மையிலேயே பேச்சு நடந்திருக்கிறது என்று தெரியும்.

வரவுசெலவுத் திட்டம்

தொடராச் செலவு (கருவி போன்ற ஒருமுறைச் செலவு), தொடர் செலவு (நொதி, வேதிப்பொருள் போன்று ஆண்டுதோறும் ஆகும் செலவு) என்ற இரண்டு தலைப்புகளில் பெரும்பாலோர் முதலாவதைப் பெருக்கி இரண்டாவதைச் சுருக்கிவிடுகிறார்கள். மாணவர் கையில் சோதனை நடப்பது தொடர் செலவில்தான். மேலே சொன்ன ஜெல் சோதனைக்கு நொதி, டி.என்.ஏ., அகரோஸ், பிப்பெட் முனைகள் ஆகியவற்றை ஒரு குழுவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, குழுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, தவறிப்போகும் சோதனைகளுக்கென ஒரு சிறு பங்கைக் கூட்டினால், ஆண்டுத் தேவை தானாக வந்துவிடும். அதை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். கருவிகளுக்கு விலைப்புள்ளி வாங்கும்போது வரி, போக்குவரத்து, நிறுவுதல், உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய ஆண்டுப் பராமரிப்பு ஆகியவை சேர்ந்த விலையைக் கேளுங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு பராமரிப்புச் செலவை நிர்வாகம் ஏற்கும் என்ற கடிதத்தை முதல்வரிடமும் செயலரிடமும் வாங்கி இணைத்தால், நல்கைக்காலம் முடிந்த பின்னும் ஆய்வகம் இயங்கும் என்பதற்கு அதுவே சான்று.

மத்திய அரசின் நல்கைக்குப் பொது நிதி விதிகள், 2017 பொருந்தும் என்பதைத் தொடக்கத்திலேயே துறைத் தலைவர்களுக்குச் சொல்லிவிடவேண்டும். எவ்வளவு தொகை வரை விலைப்புள்ளி இல்லாமல் வாங்கலாம், எதற்குமேல் கொள்முதல் குழு வேண்டும், எப்போது ஒப்பந்தப்புள்ளி, எப்போது ஜெம் எனப்படும் அரசு மின் சந்தை என்பவற்றுக்கெல்லாம் வரம்புகள் உண்டு. அவை அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்கும் நாளில் நடப்பில் உள்ளதைப் பாருங்கள். நல்கைத் தொகைக்கு வங்கியில் சேரும் வட்டி கல்லூரிக்குச் சொந்தமன்று. அதைக் கணக்குக் காட்டி அரசுக்குத் திருப்பவேண்டும். நல்கையில் வாங்கிய கருவியை அனுமதியின்றி விற்கவோ அப்புறப்படுத்தவோ முடியாது. பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை அந்த விதிகளின் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் தரவேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. ஆகவே கணக்குப் பிரிவில் ஒருவரை விண்ணப்பக் கட்டத்திலேயே குழுவில் சேர்த்துக்கொள்வதும், நல்கைக்கெனத் தனி இருப்புப் பதிவேடு வைப்பதாக எழுதுவதும் பின்னாளில் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

கால அட்டவணை போடுகையில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, நம் கல்வியாண்டு ஜூனை ஒட்டித் தொடங்குகிறது என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். அனுமதி ஆணை வந்தபின் பணம் வருவதற்கும், பணம் வந்தபின் கருவி வந்து இறங்குவதற்கும் மாதங்கள் பிடிக்கும். முதல் பருவத்திலேயே எல்லாச் சோதனைகளும் தொடங்கும் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் பருவத்தில் ஆசிரியர், ஆய்வக உதவியாளர் பயிற்சியும் கையேடு எழுதும் பணியும். கருவி வந்தபின் ஒரு குழுவில் முன்னோட்டம். அடுத்த கல்வியாண்டில் முழு வகுப்பு என்ற வரிசை நடைமுறைக்கு ஏற்றது. நொதிகள், வளர் ஊடகங்கள் போன்ற காலாவதியாகும் பொருள்களை நிதியாண்டு முடிவில் மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் பருவத்துக்குப் பருவம் வாங்குவதாகத் திட்டமிடுங்கள்.

பயன் விளைந்ததை எப்படிக் காட்டுவது

“மாணவர்களிடம் கருத்துப்படிவம் பெறப்படும்” என்பது மதிப்பீட்டு முறையாகாது. மாணவர் மகிழ்ந்தாரா என்பதைக் காட்டிலும், அவரால் இப்போது என்ன செய்ய முடிகிறது என்பதை அளக்கவேண்டும். கரைசலை நீர்த்துப்போகச் செய்யும் கணக்கைப் போட்டு, மைக்ரோபிப்பெட்டால் அளந்து, அளவுகோல் வரைபடம் வரைந்து, தெரியாத மாதிரியின் செறிவைச் சொல்லும் பணி ஒன்றை ஒவ்வொரு மாணவருக்கும் தனியாகக் கொடுத்து, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்ற அளவீட்டுக் குறிப்பையும் விண்ணப்பத்தில் இணைக்கலாம். இதை நல்கை வருவதற்கு முன், இந்த ஆண்டு மாணவர்களிடமே நடத்திவிடுவது மிக முக்கியம். தொடக்க நிலை தெரியாவிட்டால் மூன்றாண்டுகளுக்குப் பின் எதனோடு ஒப்பிடுவது? இறுதி ஆண்டில் திட்டப்பணி செய்வோர், முதுகலைக்குச் செல்வோர் எண்ணிக்கையையும் தரலாம். ஆனால் அவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், எல்லாப் புகழையும் திட்டத்துக்கே தந்துவிடவேண்டாம்.

எழுதி முடித்த பின்

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். ஆனால் அதைத்தான் முதலில் படிப்பார்கள் என்பதால், எந்த வகுப்பு, எத்தனை மாணவர், இப்போது என்ன, இனி என்ன, எவ்வளவு தொகை என்பவை அதில் இருக்கட்டும். பிறகு முழு விண்ணப்பத்தையும் வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, மாணவர் எண்ணிக்கையும் கருவி எண்ணிக்கையும் தொகையும் எல்லாப் பக்கங்களிலும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தளம் கடைசி நாளில் திணறும் என்பது அனைவரும் அறிந்ததே. முதல்வர் கையெழுத்து, முத்திரை, ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றுக்கு ஒரு வாரம் விட்டு வைக்கவேண்டும்.

முதற்கட்டத்தில் தேர்வானால் நிபுணர் குழு முன் விளக்கவேண்டியிருக்கும். ஒருங்கிணைப்பாளரோடு, சோதனைகளை நடத்தப்போகும் இளம் ஆசிரியர் ஒருவரும் செல்ல அனுமதி இருந்தால் அவரையே பேசவிடுவது நல்லது. வளாகத்தின் முகப்புப் படத்துக்கும் நிறுவனர் படத்துக்கும் நேரத்தைச் செலவிடாமல், மூன்றாகப் பிரித்துப் போட்ட அந்தச் செய்முறை அட்டவணையை இரண்டாவது படவில்லையிலேயே காட்டுங்கள். “பாதித் தொகைதான் தர முடியும் என்றால் எதை விடுவீர்கள்?” என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருங்கள்; எல்லாமே இன்றியமையாதவை என்று சொல்பவர், எதையும் எடைபோட்டுப் பார்க்கவில்லை என்றே கொள்ளப்படுவார்.

நிராகரிக்கப்பட்டால் குறிப்புரை தருமாறு எழுதிக் கேட்கலாம். அது வந்தாலும் வராவிட்டாலும், தொடக்க நிலை அளவீட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடமும் நடத்திவிடுங்கள். இருமொழிக் கையேட்டின் இரண்டு சோதனைகளையாவது கல்லூரிச் செலவில் அச்சிட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது இரண்டு ஆண்டுகளின் அளவீடுகளும், வகுப்பில் பயன்பட்ட கையேட்டின் பக்கங்களும் இணைப்பாகச் சேர்க்கத் தயாராக இருக்கும்.